டிவோர்ஸ் அக்ரிமெண்டை முழுசாகக் கோர்ட்டில் கொடுக்காதீர்கள் (ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

ஊரில் என்றால் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கதைத்திருப்போம். இங்கே அந்தப் பெரியவர்களிடம் வாயைத் திறந்தால் அன்று பின்னேரமே ஸ்காபரோவிலிருந்து மார்க்கம் வரை செய்தி போய்விடும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: டிவோர்ஸ் கிடைக்கப் பொதுவாக ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் ஒருவர் மேலே, ஒருவர் பேஸ்மெண்டில் என்று இருந்தாலும் கணக்கில் வரும். அப்புறம் கொலாபரேட்டிவ் முறை என்று ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு லோயர், நாலு பேரும் ஒரே மேசையில் இருந்து பேசி முடித்து, அதை அக்ரிமெண்டாக எழுதுவது. கோர்ட்டில் வழக்காட மாட்டோம் என்று முதலே கையெழுத்து வைப்பார்கள். மீறி யாராவது வழக்குப் போட்டால் இரண்டு லோயர்களும் விலக வேண்டும், நீங்கள் புது லோயருக்கு மறுபடி காசு கட்ட வேண்டும். 2021இல் மாறிய சட்டப்படி, பொருத்தமாக இருந்தால் இப்படியான வழிகளை முயலும்படி லோயர் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

என் சிநேகிதி இந்த வழியில்தான் போனாள். மேசையில் பேசியது ஒன்றும் வெளியே போகவில்லை. ஆனால் டிவோர்ஸ் ஆர்டரை நீதிபதிதான் தர முடியும், அதற்குக் கோர்ட்டில் பேப்பர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கேதான் வினை. பிள்ளைகளின் செலவுக்கு ஒழுங்கு செய்தாயிற்றா என்று நீதிபதி பார்ப்பார், அதற்கு இருவரின் வருமானமும் பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது என்பதும் சத்தியக் கடதாசியில் இருந்தால் பெரும்பாலும் போதும். அவளுடைய லோயர் ஆபீஸ் முழு அக்ரிமெண்டையும் சேர்த்து அனுப்பிவிட்டது. வீட்டு விலை, புருஷனுடைய கடன், அண்ணன் கொடுத்த கைமாற்று, சீட்டுக்காசு எல்லாம் அதில். இங்கே குடும்ப வழக்கு ஃபைலைப் பொதுவாக யாரும் கேட்டுப் பார்க்கலாம். தங்கைக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்கள் பார்த்தார்கள், கொப்பி எடுத்தார்கள், அதோடு பேச்சு நின்றது. இப்படித் துருவுகிற சனத்தோடு சம்பந்தம் வைக்காததே நல்லது என்றுதான் நான் சொன்னேன், ஆனால் அவள் அம்மா இன்னும் அழுகிறா.

மொன்றியல் சொந்தக்காரர் "பெயரே வெளியில் வராது" என்பார்கள். அது கியூபெக் சட்டம், இங்கே செல்லாது.

அக்ரிமெண்ட் கோர்ட்டுக்குள் போக இன்னொரு வாசலும் உண்டு. பிள்ளைச் செலவுக் காசை அரசாங்கமே அறவிட்டுத் தர வேண்டும் என்றால் அக்ரிமெண்டைப் படிவம் 26பியோடு கோர்ட்டில் பதிய வேண்டும். அதனால் பிள்ளைச் செலவை மட்டும் தனிச் சின்ன அக்ரிமெண்டாக எழுதலாமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு தாளையும் போவதற்கு முன் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். லோயருக்குக் கோபம் வந்தால் வரட்டும், காசு கட்டுவது நீங்கள்.

மொழிபெயர்க்க மச்சாளைக் கூட்டிப் போகாதீர்கள், வெளி ஆளைப் பிடியுங்கள்.

அடி உதை இருந்தாலோ, கையில் காசாகச் சம்பளம் வாங்கி மறைக்கிற மனுஷன் என்றாலோ இந்த மேசை உங்களுக்குச் சரிவராது. மானம் பார்க்காமல் நேரே கோர்ட்டுக்குப் போங்கள்.