செஸ்னாவில் உலகத்தைச் சுற்றலாம்: சிமுலேட்டரில் பாதை போடுவது எப்படி?

கணினி சிமுலேட்டரில் விமானத்தை ஏற்றி இறக்கப் பழகிவிட்டீர்கள், ஆட்டோபைலட்டில் உயரத்தையும் திசையையும் வைக்கத் தெரியும் என்றால் போதும், உலகத்தைச் சுற்றக் கிளம்பிவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியர் என எதுவாக இருந்தாலும் முழு பூமியும் உள்ளே இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பிடித்த ஊர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பறந்து போவார்கள், பாதி உலகம் தாண்டிய பிறகு பசிபிக் கரையில் நின்றுகொண்டு அடுத்த நிலம் எங்கே என்று முழிப்பார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். கடலை முதலில் தீர்த்துவிட்டு ஊர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. எதைச் சுற்று என்று சொல்லப்போகிறீர்கள்?

வட துருவத்தைச் சுற்றிச் சின்னதாக ஒரு வட்டம் அடித்தாலும் எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்தாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் உங்களுக்கே அது ஒப்பாது. விமானச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.ஐ. ஒரு விதி வைத்திருக்கிறது: எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடக்க வேண்டும், கிளம்பிய இடத்திலேயே முடிக்க வேண்டும், மொத்தத் தூரம் குறைந்தது 36,787.559 கிலோமீட்டர், அதாவது கடகரேகையின் நீளம், இருக்க வேண்டும். கடல் மைலில் இது ஏறத்தாழ 19,860. இந்த விதியையே எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் எங்கே சலுகை எடுக்கலாம் என்ற சபலம் வராது.

2. விமானம்

செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம் என்றால் 115 நாட் (மணிக்கு 115 கடல் மைல்) வேகத்தில் ஏறத்தாழ 170 மணி நேரம் காற்றில் இருப்பீர்கள். டிபிஎம் 930 என்ற வேகமான டர்போப்ராப் விமானம் என்றால் அதில் பாதிகூட ஆகாது. ஆனாலும் என் ஓட்டு செஸ்னாவுக்குத்தான், ஏனென்றால் மேகத்துக்கு மேலே முப்பதாயிரம் அடியில் போனால் ஊன்றிப் பார்க்க எதுவும் இல்லை. பெரிய ஜெட் விமானங்களை முதல் சுற்றுக்கு எடுக்கவே வேண்டாம், அவற்றின் கணினியில் தரவு ஏற்றக் கற்பதிலேயே ஆர்வம் போய்விடும்.

3. உண்மையில் எவ்வளவு தூரம் போகும்?

விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை மறந்துவிடுங்கள். 172எஸ் ரகத்தில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன். எஞ்சினுக்குப் போகும் காற்று-எரிபொருள் கலவையில் எரிபொருளை ஒழுங்காகக் குறைத்து ஓட்டினால் மணிக்கு 9 கேலன் என்று வைத்துக்கொள்வோம், கிட்டத்தட்ட 5.9 மணி நேரம் வரும். அதில் ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக ஒதுக்கினால் 4.9 மணி, 115 நாட்டில் சுமார் 560 கடல் மைல். இது காற்றே இல்லாத நாளின் கணக்கு. அதனால் 450 கடல் மைலுக்கு மேல் எந்தக் கட்டத்தையும் (ஓர் ஊரில் ஏறி அடுத்த ஊரில் இறங்கும் பயணம்) போடாதீர்கள்.

4. கடல்கள்

இப்போது லிட்டில் நாவ்மேப் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். அது உங்கள் சிமுலேட்டரில் இருக்கும் விமான நிலையங்களையே படித்துக் காட்டும், ஒரு நிலையத்தைச் சுற்றி 450 கடல் மைல் வட்டம் போட்டுப் பார்க்கவும் முடியும். உலாவியிலேயே முடிக்க நினைப்பவர்களுக்கு ஸ்கைவெக்டர் இருக்கிறது.

ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே இரண்டாயிரம் கடல் மைலுக்கு மேல் வெறும் தண்ணீர். செஸ்னாவை விடுங்கள், டிபிஎம்மே அங்கே போய்ச் சேராது. 1964-இல் தனியாக உலகத்தைச் சுற்றிய முதல் பெண்ணான ஜெர்ரி மாக், செஸ்னா 180-இன் உள்ளே கூடுதல் தொட்டிகளை வைத்துத்தான் ஹொனலுலுவிலிருந்து கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டுக்கு வந்தார். நமக்கு அந்தத் தொட்டி இல்லை, எனவே வடக்கே போகலாம். ரஷ்யாவின் ப்ரொவிதேனியாவிலிருந்து அலாஸ்காவின் நோம் வரை வெறும் 200 கடல் மைல். பசிபிக் அவ்வளவுதான்! ஆனால் அங்கே போய்ச் சேர மகதான், அனாதிர் வழியாகச் செல்லும் நிலப்பாதையில் ஊர்கள் மிகவும் அரிது, இடையில் இருக்கும் சிறு நிலையங்களை வட்டம் போட்டுத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

அட்லாண்டிக்குக்கு இந்த வரிசை: கனடாவின் இகாலுயிட், கிரீன்லாந்தின் நூக் (440 கடல் மைல்), அதன் கிழக்குக் கரையில் குலுசுக் (380), ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் (400). குலுசுக்கின் ஓடுபாதை வெறும் சரளைக்கல், நீளம் 1,200 மீட்டர்தான், இறங்கும்போது வேகத்தைக் கவனியுங்கள். நூக்கில் 2024 நவம்பரில் 2,200 மீட்டர் ஓடுபாதை திறக்கப்பட்டது, உங்கள் சிமுலேட்டரின் தரவு பழையது என்றால் முந்தைய 930 மீட்டர் பாதைதான் தெரியும். நூக்கிலிருந்து குலுசுக் போகும்போது பனிப்பாறையின் முதுகு எட்டாயிரம் அடிக்கு மேல் எழும்பும், லிட்டில் நாவ்மேப்பின் அடியில் தெரியும் நில உயரப் படத்தில் அதைப் பார்த்துவிட்டு, கரையைத் தாண்டும் முன்பே ஏறத் தொடங்குங்கள். நிறைந்த தொட்டியோடு செஸ்னா மெதுவாகத்தான் ஏறும். தரையும் வானமும் ஒரே வெள்ளையாக இருக்கும், கண்ணை நம்பாமல் கருவிகளை நம்புங்கள்.

5. ஒரு கட்டத்தை விரித்துப் பார்ப்போம்

ரெய்க்யவிக்கிலிருந்து ஃபாரோ தீவுகளின் வாகர் 420 கடல் மைல். பின்னாலிருந்து 20 நாட் காற்று தள்ளினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், 28 கேலன். அதுவே 25 நாட் எதிர்க்காற்று என்றால் நாலரை மணி நேரத்துக்கு மேல், 42 கேலன். இரண்டிலும் போய்ச் சேர்ந்துவிடலாம், ஆனால் வாகர் மலைகளுக்கு நடுவே இருப்பது, மூடுபனிக்கும் முரட்டுக் காற்றுக்கும் பேர்போனது. இறங்க முடியாவிட்டால்? அடுத்த கதி ஸ்காட்லாந்தின் விக், இன்னும் 250 கடல் மைல், 20 கேலன் வேண்டும். எதிர்க்காற்று நாளில் கையில் 11 கேலன்தான் மிஞ்சியிருக்கும்.

எனவே ஐஸ்லாந்தின் கிழக்குக் கோடியில் உள்ள எகில்ஸ்டாடிரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து வாகர் 270, அதற்கு 21 கேலன், விக் வரை போக நேர்ந்தாலும் மொத்தம் 41, மீதி 12. சுமாரான எதிர்க்காற்றையும் தாங்கிக்கொள்ளும். கடல் மேலே போகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள், நிலத்தின் மேலே இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

6. மீதி உலகம்

இரண்டு கடலும் தீர்ந்தபின் நடுவில் உள்ளது உங்கள் விருப்பம். ஆனால் வடக்கிலேயே ஒட்டிப் போனால் 19,860 கடல் மைல் தேறாது, ஏனென்றால் 60 டிகிரி அட்சரேகையின் நீளம் பூமத்திய ரேகையில் பாதிதான். அதனால் ஸ்காட்லாந்திலிருந்து மத்தியதரைக் கடலுக்கு இறங்கி, அரேபியா, தெற்காசியா, தென்கிழக்காசியா என்று வளைந்து, ஜப்பான் வழியாக மேலே ஏறுங்கள். வட அமெரிக்காவிலும் நன்றாகத் தெற்கே இறங்கிவிட்டு இகாலுயிட்டுக்குத் திரும்புங்கள். திசை கிழக்கு நோக்கியே இருக்கட்டும், நடு அட்சரேகைகளில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும்.

7. நேரம், தேதி, வானிலை

தினமும் ஒரே நேரத்தில் கணினி முன் உட்கார்ந்தால், நிகழ்நேர அமைப்பில் பாதி உலகம் இருட்டில்தான் கழியும். நேரத்தை மட்டும் உள்ளூர்க் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பொழுது போகவில்லையே என்று சிமுலேட்டரின் வேகத்தை நாலு மடங்குக்கு மேல் கூட்டினால் ஆட்டோபைலட் தள்ளாடத் தொடங்கும், மலைக்கு அருகிலும் இறங்கும்போதும் அதைத் தொடவே வேண்டாம். செஸ்னாவின் இறக்கையில் பனியை நீக்க வசதி இல்லை, மேகமும் பூஜ்யத்துக்குக் கீழ் வெப்பமும் சேர்ந்திருந்தால் அன்று வேறு வேலை பாருங்கள்.

180-வது தீர்க்கரேகை அனாதிருக்கும் ப்ரொவிதேனியாவுக்கும் நடுவே வருகிறது. சில கருவிகளில் அந்த இடத்தில் உங்கள் கோடு உலகத்தின் மறுபக்கமாக நீண்டு அசிங்கமாகத் தெரியும், பயப்படாதீர்கள், தூரத்தை மட்டும் சரிபாருங்கள். அப்புறம் திங்கட்கிழமை காலை ப்ரொவிதேனியாவில் கிளம்பினால் நோமில் ஞாயிற்றுக்கிழமை இறங்குவீர்கள், எனவே பதிவேட்டில் எல்லா நேரத்தையும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுங்கள். கட்டத்தின் பெயர், கிளம்பியது, இறங்கியது, தூரம், திட்டமிட்ட எரிபொருள், உண்மையில் எரிந்தது, இவ்வளவு இருந்தால் போதும். முதல் நாலைந்து கட்டம் நிலத்தின் மேலேயே இருக்குமாறு கிளம்பும் ஊரைத் தேர்ந்தெடுங்கள், பதிவேட்டின் கடைசி இரண்டு விவரங்களையும் ஒப்பிட்டால் உங்கள் 9 கேலன் கணக்கு சரிதானா என்று கடலுக்கு முன்பே தெரிந்துவிடும்.