இணையவழியில் சிபிடி சிகிச்சை அளிக்கத் தொடங்குவோருக்கு

வேலூரிலிருந்து இணையவழியில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சிபிடி), அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் சீர்தூக்கி மாற்ற உதவும் உளவியல் சிகிச்சை, அளிக்க விரும்புகிறவர், மருத்துவ உளவியலாளர் என்று தம்மைக் குறிப்பிடுவதற்கு முன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சில வாரச் சான்றிதழ் வகுப்பு அதற்கு ஈடாகாது.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய இச்சிகிச்சை முறையின் முதன்மைக் கருவிகளுள் ஒன்று, மனத்தை வருத்தும் எண்ணங்களை எழுதி ஆராயும் எண்ணப் பதிவேடு. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஊழியர் ஒருவர், "மேற்பார்வையாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை, வேலை போய்விடும்" என்று அதில் எழுதியிருந்தால், உடனே ஆறுதல் கூறிவிடாமல், அந்த எண்ணத்திற்கு ஆதரவாகவும் எதிராகவும் என்ன சான்றுகள் உள்ளன என்று அவரையே எழுதச் செய்து, அந்த எண்ணத்தின் மீது அவருக்குள்ள நம்பிக்கையின் அளவை 100-க்கு இத்தனை என்று மீண்டும் மதிப்பிடச் சொல்ல வேண்டும். பதிவேட்டைத் திரையில் பகிர்ந்து இருவரும் சேர்ந்து நிரப்பலாம் என்பது, என் கணிப்பில், இணையவழியின் பெரிய வசதி.

பிறர் காதில் விழாமல் தனியே பேச இடம் கிடைப்பதுதான் சிக்கல். இரண்டு அறை வீட்டில் மாமியார் காதில் விழப் பேச முடியாத மருமகளுக்கு, மொட்டைமாடியும் காதொலிப்பானும் (இயர்போன்) உதவும்.

முதல் அமர்விலேயே சிகிச்சை பெறுபவர் இருக்கும் முகவரி, நெருங்கிய உறவினரின் எண், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் தெரிந்தால் திரைவழி அமர்வை மட்டும் நம்பியிராமல், உறவினரை அழைத்து, மனநல மருத்துவரிடம் நேரில் அனுப்புங்கள். 14416 என்ற, அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் உதவி எண்ணையும் கொடுத்து வையுங்கள்.