குதிகாலா, முன்பாதமா? ரன்னிங் ஷூ வாங்கும்போது நடக்கும் தவறுகள்

ரன்னிங் ஷூ வாங்க நினைக்கும் பலர் முதலில் கேட்பது, "நான் குதிகால் ஊன்றி ஓடுகிறேனா, முன்பாதம் ஊன்றி ஓடுகிறேனா, எனக்கு எந்த ஷூ சரிவரும்?" என்பதுதான். கேள்வி நல்ல கேள்வி. பதிலைத் தேடும் இடத்தில்தான் கோளாறு. கால் எங்கே ஊன்றுகிறது என்பதைப் பார்க்காமல், வேறு எதையோ பார்த்துவிட்டு ஷூவை முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்த வேறு எதையோ என்பது பெரும்பாலும் ஈரப்பாதச் சோதனை. பாதத்தை நனைத்து ஒரு அட்டையின் மேல் நின்று, பதிந்த தடத்தைப் பார்த்துத் தட்டைப் பாதமா, வளைவு உயர்ந்த பாதமா என்று சொல்வார்கள். நிற்கும்போது உள்ளங்கால் வளைவு எப்படி இருக்கிறது என்பதைத் தவிர அந்தத் தடத்திலிருந்து வேறெதுவும் தெரியாது. ஓடும்போது பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையைத் தொடுகிறது என்பது தனிக் கதை. தரையைத் தொட்ட பிறகு பாதம் உள்பக்கமாகச் சாய்வது, அதாவது ப்ரொனேஷன், இன்னொரு கதை. இந்தச் சாய்வு எல்லோருக்கும் ஓரளவு உண்டு. அதிர்வை வாங்கிக்கொள்ள உடம்பு செய்யும் ஏற்பாடு அது. தட்டைப் பாதம் உள்ளவர் முன்பாதம் ஊன்றி ஓடலாம், வளைவு உயர்ந்தவர் குதிகால் ஊன்றி ஓடலாம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எந்த ஷூவும் சரியாக அமையாது.

உள்ளங்கால் வளைவைப் பார்த்து ஷூ கொடுக்கும் வழக்கத்தை அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு அவரவர் பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ. மற்றப் பிரிவுக்கு, பாதம் எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. பயிற்சி முடிந்து கணக்குப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் காயங்களில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இத்தனைக்குப் பிறகும் அட்டையில் கால் பதிக்கச் சொல்லும் பழக்கம் போகவில்லை!

பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் இதே ரகம். குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. குதிகால் ஊன்றுபவர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் முதலில் தொடுவார்கள். அதே ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்திருந்தால் தேய்மானத்தில் ஒரு பங்கு நடையால் வந்தது. ஓட்டத்தைப் பற்றி அது என்ன சொல்லும்? எங்கே ரப்பர் உராய்கிறது என்பதுதான் தேய்மானத்தில் தெரியும். எங்கே பாரம் ஏறுகிறது என்பது தெரியாது.

சரி, எப்படித்தான் தெரிந்துகொள்வது? தன் உணர்வை மட்டும் நம்ப வேண்டாம். நடுப்பாதம் ஊன்றுவதாக உறுதியாகச் சொல்பவரின் வீடியோவில் குதிகால் முதலில் இறங்குவது வெகு சாதாரணம். கைபேசியில் ஸ்லோ மோஷன் இருந்தால் போதும். நொடிக்கு 120 பிரேம், முடிந்தால் 240. கைபேசியைக் கணுக்கால் உயரத்தில் பக்கவாட்டில் வைத்துவிட்டு, சமதளத்தில் பத்து நிமிடம் ஓடி உடம்பு சூடான பிறகு அதைக் கடந்து ஓடுங்கள். கேமரா ஓடுகிறது என்ற நினைப்பில் நடை மாறிவிடும் என்பதால் நாலைந்து முறை கடந்து போவது நல்லது. வழக்கமான வேகத்தில் ஒருமுறை, வேகமாக ஒருமுறை, களைத்த பிறகு ஒருமுறை. வேகம் கூடக் கூட ஊன்றும் இடம் முன்னால் நகரும். களைப்பில் மறுபடி குதிகாலுக்குத் திரும்புவதும் உண்டு. மெல்ல ஓடும்போது எப்படி ஊன்றுகிறீர்களோ அதுவே ஷூவுக்கான அளவுகோல். நீங்கள் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி அந்த வேகத்தில்தான் போகிறது.

வீடியோவை நிறுத்திப் பார்க்கும்போது பாதத்தோடு முழங்காலையும் கவனியுங்கள். கால் தரையைத் தொடும் கணத்தில் முழங்காலுக்கு வெகு முன்னே, கணைக்கால் எலும்பு பின்சாய்ந்து நீட்டிக்கொண்டிருந்தால் சிக்கல் எட்டி வைக்கும் அடியின் நீளத்தில். அதை எந்த ஷூவும் திருத்தாது. நிமிடத்துக்கு எடுக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே அடியின் நீளம் குறுகி, முழங்காலுக்குப் போகும் பாரம் குறையும். செலவும் இல்லை.

குதிகால் ஊன்றுவது குற்றமா?

இல்லை. ஜப்பானில் ஓர் அரை மாரத்தானின் 15-வது கிலோமீட்டரில் கேமரா வைத்து எடுத்த ஆய்வு 2007-இல் வெளியானது. தேர்ந்த ஓட்டக்காரர்களிலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் குதிகால் ஊன்றினார்கள். முன்பாதத்தில் ஊன்றியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பிறகு ஏன் குதிகால் மேல் இத்தனை பழி? 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டேனியல் லீபர்மனும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் ஊன்றுகிறார்கள், அதனால் தரையில் மோதும் முதல் அதிர்ச்சி குறைகிறது என்றார்கள். அதை வாசித்தவர்கள், வாசிக்காதவர்கள் எல்லோரும் மெல்லிய ஷூவுக்குத் தாவினார்கள். 2013-இல் வட கென்யாவின் தாசனச் மக்களிடம் நடந்த ஆய்வில், வெறுங்காலிலேயே வளர்ந்தவர்களும் நிதான வேகத்தில் பெரும்பாலும் குதிகால்தான் ஊன்றினார்கள். அந்தச் செய்தி அவ்வளவாகப் பரவவில்லை.

தாவியதற்கு விலையும் இருந்தது. விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் பத்து வாரத்தில் மாறிய ஓட்டக்காரர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. பழைய ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அந்த வகை ஷூவை விற்ற விப்ரம் நிறுவனம், உடல்நலப் பலன்கள் பற்றிச் செய்த விளம்பரங்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கை 2014-இல் 37.5 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டது.

ஊன்றும் இடத்தை மாற்றினால் பாரம் இடம் மாறுமே தவிர மறையாது. குதிகால் ஊன்றினால் முழங்கால் அதிகம் உழைக்கும். முன்பாதம் ஊன்றினால் கெண்டைக்கால், அதைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநார், விரல்களுக்குப் பின்னாலுள்ள எலும்புகள். முழங்கால் வலியால் தவிப்பவருக்கு அந்த மாற்றம் உதவலாம். வலி எதுவும் இல்லாமல் குதிகால் ஊன்றி ஓடுபவர், ஷூவைக் காட்டித் தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

டிராப் என்ற எண்

குதிகாலின் அடியில் உள்ள சோல் உயரத்திலிருந்து முன்பாதத்தின் அடியில் உள்ள உயரத்தைக் கழித்தால் வருவது டிராப். 36 மில்லிமீட்டரும் 26 மில்லிமீட்டருமாக இருந்தால் டிராப் 10. சந்தையில் 0-விலிருந்து 12 வரை உண்டு. குதிகால் ஊன்றுபவருக்கு 8 முதல் 12, முன்பாதக்காரருக்கு 0 முதல் 4 என்று ஒரு சூத்திரம் எங்கும் சுற்றுகிறது. தொடக்கத்துக்கு அது பரவாயில்லை. அதையே சட்டமாக்கிக்கொள்வதுதான் தவறு.

முதலாவது, டிராப் என்பது யாரும் போட்டுக்கொள்ளாத ஷூவில் அளந்த எண். பஞ்சுபோன்ற மிட்சோலில், அதாவது சோலின் நடுவிலுள்ள நுரை அடுக்கில், குதிகால் இறங்கியதும் பின்பகுதி அமுங்கிவிடும். 10 என்று எழுதியிருந்தாலும் அந்தக் கணத்தில் கால் உணர்வது குறைவாகவே இருக்கும். முன்பாதம் ஊன்றுபவருக்கோ குதிகால் பக்கத் தடிமன் முதல் மோதலில் வேலைக்கே வராது. அவர் டிராப்பை விட்டுவிட்டு இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும்: முன்பாதத்தின் அடியில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, அந்த இடத்தில் ரப்பர் போதிய அளவு இருக்கிறதா என்று. குதிகாலில் மட்டும் கட்டி ரப்பர் ஒட்டி, முன்னால் வெறும் நுரையை விட்டிருக்கும் ஷூ அவர் காலில் சீக்கிரம் கிழியும்.

இரண்டாவது, 0, 6, 10 மில்லிமீட்டர் டிராப் ஷூக்களை 553 பேருக்குக் குலுக்கல் முறையில் கொடுத்து ஆறு மாதம் கவனித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. மொத்தத்தில் காய அபாயம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. உள்ளே பிரித்துப் பார்த்தபோதுதான் சுவாரசியம். எப்போதாவது ஓடுபவர்களுக்குக் குறைந்த டிராப்பில் காயம் குறைவாக இருந்தது. தவறாமல் ஓடுபவர்களுக்கு அதே குறைந்த டிராப்பில் காயம் கூடியது. அதிக டிராப்புக்குப் பழகிய உடம்போடு நிறைய ஓடுபவருக்கு மாற்றத்தைத் தாங்குவது கடினம் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அதனால், புது ஷூவின் டிராப் என்ன என்பதைவிட, பழைய ஷூவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்பதே முக்கியமான கேள்வி. ஒரே தாவலில் நாலு மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம் என்பேன்.

குதிகால் ஊன்றுபவர்கள் டிராப்போடு பின்பகுதியின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஷூவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சோலின் பின் விளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருந்தால் கால் மெதுவாக உருண்டு இறங்கும். பக்கங்களுக்கு அகலமாகப் பிதுங்கி, கூர்மையான விளிம்போடு இருந்தால், வெளி ஓரம் தரையைத் தொட்ட உடனே அந்த விளிம்பு நெம்புகோலாகி, பாதத்தைச் சடக்கென உள்ளே திருப்பும். அகலமாக இருந்தால் ஸ்திரமாக இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் கவனிக்காத இடம் இது.

எல்லாவற்றுக்கும் முன்னே பொருத்தம்

ஊன்றும் விதத்தை ஆராய்ந்து ஆராய்ந்து, கடைசியில் அரை அளவு சின்ன ஷூவோடு வருபவர்கள் உண்டு. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது. பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். முன்பாதம் ஊன்றுபவர்கள் அகலத்தில் சமரசமே செய்யக் கூடாது, பாரம் ஏறும்போது பாதம் அங்கேதான் விரியும். கடைக்குள்ளேயே ஓடிப் பாருங்கள். "போகப் போக இளகிவிடும்" என்று யாராவது சொன்னால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாங்கிய பிறகு செய்யும் தவறு, மறுநாளே பழையதைத் தூக்கிப்போடுவது. முதல் இரண்டு மூன்று வாரம் குறுகிய ஓட்டங்களுக்கு மட்டும் புதியது, நீண்ட ஓட்டத்துக்குப் பழையது என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி அணிபவர்களுக்குக் காய அபாயம் 39 சதவீதம் குறைவு என்று 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றும் உண்டு. இந்த நாட்களில் கெண்டைக்காலில் லேசான இறுக்கம் வந்தால் தூரத்தைக் குறைத்துத் தொடரலாம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலின் பின்னால் குத்தினாலோ, பாதத்தின் மேல்பகுதியில் விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாவது, எலும்பில் விரிசல் தொடங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்.