கார்பைன் வாங்க முதல் தோளில வைச்சுப் பாருங்கோ

தைப்பொங்கலுக்கு முதல் ஒரு இரவு ஹூஸ்ரனில இருந்து அக்கான்ர மகன் வட்ஸ்அப்பில எடுத்தவன். "மாமா, கிரீன் கார்ட் கிடைச்சிட்டுது, ரேஞ்சில சுடுறதுக்கு ஒரு 9 மில்லிமீற்றர் கார்பைன் வாங்கப் போறன், எது நல்லம்?" எண்டு கேட்டான். கார்பைன் எண்டால் தோளில முட்டுக் குடுத்துச் சுடுற கட்டையான ரைபிள், 9 மில்லிமீற்றர் எண்டது பிஸ்டல் ரவை. நான் அங்கை 12 வருசம் இருந்தனான், சனிக்கிழமை எண்டால் ரேஞ்சிலதான் கிடப்பன், இப்ப கொக்குவிலில இருக்கிறன், இஞ்சை வீட்டில துவக்கு எண்ட சொல்லை மெதுவாத்தான் கதைக்க வேணும், அம்மாவுக்குக் காதில விழுந்தால் எழும்பி உள்ளுக்குப் போயிடுவா, அவா கண்டது அவ்வளவு. அதால முத்தத்தில நிண்டு அவனுக்கு வொய்ஸ் மெசேஜில சொன்னதுகளைத்தான் இப்ப எழுதுறன், அங்கை இருக்கிற எங்கட மற்றப் பெடி பெட்டையளுக்கும் உதவும்.

முதல் சட்டம். ஸ்ருடன்ற் விசாவிலயோ எச்-1பியிலயோ அமெரிக்காவில இருக்கிற ஆக்கள் இதை வடிவா வாசியுங்கோ. உந்த விசாக்களில இருக்கேக்கை துவக்கோ ரவையோ கையில வைச்சிருக்கிறதே பெடரல் சட்டப்படி குற்றம், செல்லுபடியான வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குத்தான் இருக்கு, சிநேகிதன்ர துவக்கை ரேஞ்சில ஒருக்கா வாங்கிச் சுட்டாலும் அது கையில வைச்சிருந்த கணக்குத்தான். கிரீன் கார்ட் இருந்தால் வாங்கலாம், கடையில 4473 எண்ட படிவம் நிரப்பி பின்னணிச் சோதனை முடிய வேணும். கார்பைன் ரைபிள் கணக்கில வாறபடியால் பெடரல் சட்டத்தில கடையில வாங்க 18 வயசு காணும், பிஸ்டலுக்கு 21, ஆனா கலிபோர்னியா, நியூயோர்க் மாதிரி இடங்களில மாநிலச் சட்டம் நல்லா இறுக்கம். குழல் 16 அங்குலத்துக்குக் குறையவோ மொத்த நீளம் 26க்குக் குறையவோ கூடாது, குறைஞ்சால் அது 1934ம் ஆண்டுச் சட்டத்தில பதிய வேண்டிய சாமான், உதில விளையாடாதேங்கோ. லண்டனில இருக்கிற ஆக்களுக்கு 1988ல இருந்தே அடுத்த ரவையைத் தானா ஏத்துற இந்த வகை தடை, அவுஸ்ரேலியாவில 1996க்குப் பிறகு ஏறக்குறைய அப்பிடித்தான், கனடாவில 2020 மே மாசத்தில இருந்து தடைப்பட்டியல் நீண்டுகொண்டு போகுது, மொடலின்ர பேரை வைச்சு அண்டண்டைக்குப் பாக்க வேணும். இஞ்சை எங்கட நாட்டில 1916ம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கு, பொழுதுபோக்குக்கு இப்பிடி ஒண்டு வாங்கலாம் எண்ட கதையே இல்லை.

சரி, பிஸ்டல் ரவையை ஏன் நீட்டுத் துவக்கில போட்டுச் சுடுறது? மலிவு, சத்தம் குறைவு, ரைபிள் ரவையை விடாத உள்ரேஞ்சுகளிலயும் இதை விடுவினம், தோளில முட்டுக் குடுத்துச் சுடுறபடியால் புதுசாப் பழகுற ஆளுக்கும் தட்டில படும். ஐடியாவும் புதுசில்லை, வின்செஸ்ரர் 1873க்கும் கோல்ட் ரிவோல்வருக்கும் ஒரே ரவையைப் போட்டுக்கொண்டு திரிஞ்ச காலத்தில இருந்து இருக்கு. இப்ப யூஎஸ்பிஎஸ்ஏ எண்ட அமெரிக்கச் சுடுபோட்டிச் சங்கத்தின்ர போட்டியளில 2016ல இருந்து இதுக்கெண்டு தனிப் பிரிவே இருக்கு.

எதை வாங்கிறது எண்டதுக்கு நான் கேக்கிற முதல் கேள்வி, உன்னட்டை ஏற்கெனவே பிஸ்டல் இருக்கோ எண்டதுதான். குளொக் பிஸ்டல் இருந்தால் அதின்ர மகசினை, அதாவது ரவை நிரப்பிற கூட்டை, எடுக்கிற கார்பைனை வாங்கு, மகசினுக்கெண்டு தனியாப் போற காசு மிச்சம். ருகர் பிசி கார்பைனில மகசின் செருகிற பகுதியை மாத்தி குளொக் மகசின் போடலாம், ரெண்டாக் கழட்டி பையுக்கை வைக்கலாம், கிட்டத்தட்ட 7 றாத்தல் பாரம், அதாவது ஏழு றாத்தல் பாணைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாருங்கோ, பத்து நிமிசத்தில இடக்கை சொல்லும். கெல்-ரெக் சப்-2000 நாலு றாத்தல் சொச்சந்தான், மடியும், ஆனா கன்னம் வைக்கிற இடம் சுகமில்லை. சிசெட் ஸ்கோர்பியனுக்கு அதின்ர சொந்த மகசின்தான். ஏஆர்-9 வகைக்கு, அதாவது ஏஆர் ரைபிளின்ர 9 மில்லிமீற்றர் வடிவத்துக்கு, உதிரிப்பாகம் கடல் மாதிரிக் கிடக்கு, ஏஆரில பழகின கைக்கு அது வசதி.

9 மில்லிமீற்றர் எண்டால் உதைக்காது எண்டு நினைச்சு வாங்கிப்போட்டு கன பேர் ஏமாறுறவை. சாதாரண ப்ளோபாக் துவக்கில ரவை வெடிக்கேக்கை போல்ட்டை, அதாவது குழலின்ர பின்பக்கத்தை அடைக்கிற இரும்புக் கட்டையை, பிடிச்சு வைச்சிருக்க வேற பூட்டு ஒண்டும் இல்லை, போல்ட்டின்ர பாரமும் சுருளும் மட்டுந்தான், அதால அந்தப் பாரமான இரும்பு முழுக்கப் பின்னால வந்து அடிக்கிறதைத் தோள் உணரும். சிக் எம்பிஎக்ஸ் வாயுவில வேலை செய்யும், எம்பி5 வகை உருளை வைச்சுத் தாமதிக்கும், ரெண்டும் மெத்தெண்டு இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. ஆனா உதைப்பைக் குறைக்கிறன் எண்டு ஆரும் சொல்லிக் கேட்டு போல்ட்டைக் கடைஞ்சு பாரம் குறைக்காதேங்கோ, ரவைக்கோது குழலுக்கை இருக்கேக்கையே போல்ட் திறந்தால் முகத்துக்குக் கிட்டத்தான் வெடிக்கும்.

கடையில கையில எடுத்தால் கட்டாயம் செய்ய வேண்டினது ஒண்டு. துவக்கு வெறுமை எண்டு கண்ணாலயும் விரலாலயும் பாத்திட்டு, கையை மடக்கி, தோளில வைக்கிற பிடங்கின்ர அடியை முழங்கை மடிப்பில வையுங்கோ, சுட்டுவிரல் விசையில சுகமாப் போய் விழ வேணும். எட்டாட்டில் பிடங்கு நீளம், எங்கட பெண்டுகளுக்கும் கட்டையான ஆக்களுக்கும் அநேகமா நீளந்தான். ருகரில அரை அங்குலத் தட்டுகளைக் கழட்டிக் குறைக்கலாம், ஏஆர் வகையில இழுத்துத் தள்ளலாம். பிடங்கு பொருந்தாட்டில் மேல என்ன சாமான் பூட்டினாலும் பிரியோசனம் இல்லை.

பூட்டிற சாமானில முதல் காசு ரெட் டொட்டுக்கு, அது கண்ணாடிக்குள்ள சிவப்புப் புள்ளி காட்டுற சைற். 2 எம்ஓஏ (கோண அளவு, 1 எம்ஓஏ 100 யாரில ஏறக்குறைய ஒரு அங்குலம்) புள்ளி காணும், 25 யாரில அது அரை அங்குலத்தைத்தான் மறைக்கும், ரெண்டு கண்ணையும் திறந்து வைச்சுச் சுடலாம். புள்ளி வால்வெள்ளி மாதிரிச் சிதறித் தெரிஞ்சால் போன் கமராவால பாருங்கோ, கமராவில வட்டமாத் தெரிஞ்சால் பிழை உங்கட கண்ணில, அஸ்ரிக்மற்றிசம், அப்ப கண்ணாடியிலயே குறி செதுக்கின பிரிசம் சைற் நல்லம். பிறகு நல்ல விசை, பிறகு தோளில மாட்ட ஒரு வார். வாயுவை மேல விட்டுத் துவக்கு எழும்புறதைக் குறைக்கிற கொம்பென்சேற்றரைக் குழல் வாயில பூட்டச் சொல்லுவினம், 16 அங்குலக் குழலில 9 மில்லிமீற்றர் வாயு வாய்க்கு வரேக்கை அமுக்கம் இறங்கிப்போயிடும், பெரிசா ஒண்டும் தெரியாது. வெளிநாட்டில இருந்து இறக்கின துவக்கெண்டால் பாகம் மாத்த முதல் பெடரல் சட்டத்தில 922ஆர் எண்ட பிரிவைப் பாருங்கோ, பட்டியலில உள்ள இறக்குமதிப் பாகம் 10க்கு மேல இருக்கக் கூடாது.

ஒண்டு என்ர அனுபவத்தில. நான் முதல் வாங்கின ரெட் டொட்டை கடையில பூட்டித் தந்தவை, மூண்டு சனிக்கிழமை சுட்டன், புள்ளி ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் மேல, என்ர கைதான் நடுங்குது எண்டு நினைச்சு மனமே விட்டுப்போச்சு. நாலாம் கிழமை விரலால தட்டிப் பாத்தால் ரெட் டொட்டைத் துவக்கில பிடிக்கிற மவுண்ட் ஆடுது. பிறகு ஆணியைக் கழட்டி எண்ணெய் துடைச்சு, ஆணி கழராமல் பிடிக்கிற நீல லொக்ரைட் பசை ஒரு சொட்டு, கொம்பனி சொன்ன இறுக்கத்துக்கு டோர்க் சாவியால இறுக்கி, மனிசியின்ர சிவப்பு நகப்பூச்சால ஆணித் தலையில இருந்து மவுண்டுக்கு ஒரு கோடு கீறினன். ஆணி கொஞ்சம் திரும்பினாலும் அந்தக் கோடு உடைஞ்சு தெரியும். இண்டைக்கும் ஆருக்கும் சொல்லுற முதல் வேலை இதுதான்.

சீரோ பண்ணுறது, அதாவது புள்ளி நிக்கிற இடத்திலயே சன்னம் படச் சரிபண்ணுறது, 25 யாரில, மண்மூட்டையில வைச்சு, மூண்டு மூண்டு வெடியா. ஒரு வெடியைப் பாத்திட்டுத் திருகாதேங்கோ, மூண்டின்ர நடுவைப் பாருங்கோ. 1 எம்ஓஏ கிளிக் எண்டால் அந்தத் தூரத்தில நாலு கிளிக் ஒரு அங்குலம். முடிய 5 யாருக்குக் கிட்டப் போய் ஒருக்காச் சுடுங்கோ. ஏஆர் வகையில சைற் குழலுக்கு மேல ரெண்டரை அங்குலம் அளவில இருக்கும், அதால கிட்டத்தில சன்னம் புள்ளிக்கு ரெண்டு அங்குலம் கீழ போய்ப் படும். மருமோன் போன மாசம் சுட்ட குறிக் கடதாசியைப் படம் எடுத்து அனுப்பி "ரெட் டொட் பழுதோ மாமா" எண்டு கேட்டவன், ஓட்டை எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு, வட்டத்துக்கு ரெண்டு விரல் கீழ. பழுதில்லையடா, கிட்டத்தில ரெண்டு விரல் மேல பிடி எண்டன்.

பிறகு ரவை. சன்னத்தின்ர பாரம் 115, 124, 147 கிரெயின் எண்டு மூண்டிலயும் ஒவ்வொரு 50 பெட்டி வாங்கி, எது சிக்காமல் ஓடுது, எது ஒரே இடத்தில போய்ப் படுது எண்டு கொப்பியில எழுதுங்கோ, ஒரே மொடல் ரெண்டு துவக்குக்கே ருசி வேறயா இருக்கும். அதுக்குப் பிறகுதான் ஆயிரம் ரவைப் பெட்டி. உள்ரேஞ்சில காதுக்குள்ள இயர்பிளக்கும் மேல காது மூடுற மஃபும் ரெண்டும் போடுங்கோ, கண்ணாடியைக் கழட்டாதேங்கோ, சுட்டு முடிய மகசினைக் கழட்டி ரவை அறைக்கை வெறுமை எண்டு காட்டிற கொடித்துண்டைச் செருகிப்போட்டுத்தான் மேசையில வைக்கிறது, வீட்டில பிள்ளையள் இருந்தால் துவக்கு ஒரு பூட்டில, ரவை வேறொரு பூட்டில.