இரண்டு மாடு, ஒரு குழி, ஓர் அடுப்பு: வீட்டுச் சாண எரிவாயு

கொழும்பு மாவட்டம் என்றாலும் அவிசாவளை, ஹங்வெல்ல, பாதுக்கைப் பக்கங்களில் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டில் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில் அந்தக் கொட்டிலிலேயே சமையலுக்கான எரிபொருள் கிடந்தது.

கட்டி வளர்க்கும் மாடு ஒன்று நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். பகலெல்லாம் மேயப்போனால் கைக்கு வருவது பாதிதான். ஒரு கிலோ சாணத்தில் 35 முதல் 40 லீட்டர் வாயு வரும். இரண்டு மாட்டின் 20 கிலோ, ஒற்றை அடுப்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிக்கும். 12.5 கிலோ சிலிண்டர் ஐந்து வாரம் வரும் சிறு குடும்பத்துக்கு அது போதும். ஒரு மாட்டை நம்பிக் குழி கட்ட வேண்டாம்.

20 கிலோ சாணம், 20 லீட்டர் தண்ணீர், மொத்தம் நாளைக்கு 40 லீட்டர் கரைசல். நம் பக்க வெப்பத்தில் அது 45 நாள் உள்ளே கிடந்தால் போதும். அதற்கு 1,800 லீட்டர் இடம். மேலே வாயு தங்கும் இடத்தையும் சேர்த்து 3 கன மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாக் குளிரில் இந்த அளவு போதாது.

களனி கங்கை வெள்ளம் ஏறும் நிலத்திலோ கிணற்றுக்கு அருகிலோ தோண்டாதீர்கள். நிலத்தடி நீர் உயர்ந்த இடத்தில் வெறுங்குழியை நீர் கீழிருந்து தள்ளி விரிசல் விழச் செய்யும். குழியின் மேலே வாயு தங்கும் குவிமாடத்தை இந்த வேலை தெரிந்த மேசனிடமே கொடுங்கள். சீமெந்துப் பூச்சில் மயிர்க்கோடு விரிசல் இருந்தாலும் வாயு நிற்காது.

முதல் நிரப்பலில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வைக்கோல், மண், கல் இல்லாத புதுச் சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு குழியின் கழிவுக் கரைசல் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் வேலை விரைவாகும். பிறகு இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். முதலில் சேரும் வாயுவில் கரியமில வாயுவும் காற்றும்தான் அதிகம், எரியாது. காற்று கலந்திருப்பதால் குழாய் வாயில் தீக்குச்சி காட்டுவது ஆபத்து. இரண்டு தடவை நிரம்பவிட்டுத் திறந்த வெளியில் விடுங்கள். மூன்றாவதை அடுப்பில் மட்டும் கொளுத்திப் பாருங்கள். நீலச் சுடர் வந்த பிறகே தினமும் 40 லீட்டர் ஊற்றத் தொடங்குங்கள்.

வாயு குறைந்தால் இன்னும் சாணம் போடத் தோன்றும். அதுதான் குழியைக் கொல்லும். அளவுக்கு மிஞ்சிப் போட்டால் அமிலம் ஏறி, எரியும் வாயுவான மெதேனைத் தரும் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடும். புளித்த வாடையும் எரியாத வாயுவும் அடையாளம். சில நாள் எதுவும் ஊற்றாமல் விடுங்கள், பிறகு பாதி அளவில் தொடங்குங்கள். கொட்டில் கழுவும் பினாயில், சவர்க்காரத் தண்ணீர், அன்டிபயோட்டிக் ஊசி போட்ட மாட்டின் சாணம் மூன்றும் உள்ளே போகக்கூடாது. ஊற்றும் தொட்டிக்கு மூடி வையுங்கள்; மழை நீர் இறங்கினால் கரைசல் நீர்த்து, வேலை முடியுமுன்பே வெளியேறிவிடும்.

சுடர் விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் நீர் தேங்கியிருக்கிறது. குழாயை ஒரு பக்கம் சரிவாகப் போட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் வால்வு வையுங்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் சரியாக எரியாது, இந்த வாயுவின் அழுத்தம் குறைவு; இதற்கென்று செய்த பேர்னர் வேண்டும். இணைப்புகளில் வாயு கசிகிறதா என்பதைச் சவர்க்கார நுரையால் மட்டும் சோதியுங்கள்.

அழுகிய முட்டை வாடை ஐதரசன் சல்பைட்டு. அதிகமானால் மூக்குக்கே தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும். வெறுமையாகக் கிடந்த குழிக்குள்ளும் யாரும் இறங்கக்கூடாது, விழுந்தவரைத் தூக்கவும்கூட.

வெளியேறும் கரைசலை வெயிலில் காயவிடாமல் அன்றன்றே தென்னைக்கும் மாட்டுப் புல்லுக்கும் ஊற்றுங்கள். காய்ந்தால் அதிலுள்ள நைதரசனில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.