பதினாறாம் நாளுக்குப் பிறகு: துக்கத்தை எழுதி இறக்க ஒரு வழி

கருமாதி முடிந்து, வாடகை நாற்காலிகள் திரும்பிப் போய், சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய பிறகுதான் பல வீடுகளில் துக்கம் தொடங்குகிறது. அதுவரை ஒப்பாரியாவது இருந்தது, சேர்ந்து அழ ஆள் இருந்தார்கள். இனி "மனசைத் தேத்திக்கோ" மட்டும்தான். ஆண்களுக்கு முதல் நாளிலிருந்தே அதுதான்.

இந்தக் கட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கைகொடுக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவங்களை எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. மரண துக்கத்தில் இது எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனாலும் முயன்று பார்க்கலாம்.

கருமாதிக்குப் பிறகு முதல் ஓரிரு வாரம் வேண்டாம், உடம்பு தேறட்டும். பிறகு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, தொடர்ந்து 4 நாள் சாயங்காலம் செல்போனில் 15 நிமிட அலாரம் வைத்து உட்காருங்கள். படுக்கப் போகும் முன் எழுதினால் தூக்கம் கெடலாம். "அம்மா ரொம்ப நல்லவங்க" என்று ஆரம்பித்தால் பேனா அங்கேயே நின்றுவிடும். "காபி ஆத்தும்போது டம்ளரை நெத்தி உசரத்துக்குத் தூக்குவாங்க" என்று எழுதுங்கள், அடுத்த வரி தானாக வரும். இறந்தவர் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுதலாம். யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போட்டாலும் சரிதான்.

அலாரம் அடித்ததும் பாதி வாக்கியமானாலும் மூடிவிட்டு கைக்கு வேலை கொடுங்கள். கால் கிலோ சின்ன வெங்காயம் உரிக்கலாம் (கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்). இல்லையென்றால் 20 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். துக்கத்தில் மூழ்குவதும் விலகி வருவதும் மாறி மாறி நடப்பதே இயல்பு என்கிறார்கள் துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஸ்ட்ரோபும் ஷூட்டும், 1999இல் எழுதிய கட்டுரையில். ஆகவே நடுவில் சிரித்துவிட்டோமே என்று குறுக வேண்டியதில்லை.

எங்கே கெடும்? "ஒரு மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா..." என்ற வரி மூன்றாம் நாளும் வந்தால், அது செக்குமாடு சுற்றுகிற கதை. அப்போது இறந்தவருக்கே கடிதமாக எழுதுங்கள். மறுநாள் அவர் பதில் போடுவதுபோல் எழுதுங்கள். 4 நாளுக்குப் பிறகும் பாரம் ஏறிக்கொண்டே போனால் நோட்டை விட்டுவிடுங்கள். சிலருக்கு ஆளிடம் பேசித்தான் ஆறும்.

குடித்தால் முதலில் தூக்கம் வரும், நடுராத்திரியில் கலைந்துவிடும். தூங்காத மறுநாள் துக்கம் இரட்டிப்பாகத் தெரியும். பீரோவை ஒரே நாளில் காலி செய்யாதீர்கள். அவருடைய போனில் உள்ள குரல் பதிவுகளை மட்டும் சீக்கிரமே வேறிடத்தில் நகலெடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நாளாவட்டத்தில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும், அதில் இருந்த வாட்ஸ்அப்பும் கைவிட்டுப் போகலாம்.

6 மாதம் தாண்டியும் அன்றாட வேலை ஓடவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "நானும் போயிடலாம்" என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.