கத்தி செய்ய பெல்ட் கிரைண்டர்: காசை எதுல போடணும், எதை அப்புறம் பாத்துக்கலாம்

புதுசா கத்தி செய்ய வர்றவங்க பெல்ட் கிரைண்டர், அதாவது உப்புத்தாள் மாதிரி பெல்ட் சுத்தி இரும்பைத் தேய்க்கற மிஷின், அதோட விலையை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிடறாங்க, அது வேணாம். மோட்டாருக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற வசதிக்கும் முதல்ல காசு ஒதுக்குங்க, மத்தது பின்னாடி சேத்துக்கலாம்.

முதல் படி, பெல்ட் சைஸ். சின்ன மிஷின்ல 1 இன்ச் அகலம் 30 இன்ச் நீளம், கத்தி செய்யறவங்க அதிகமா வச்சிருக்கறது 2க்கு 72. பரப்பு 30 சதுர இன்ச் எங்க, 144 எங்க, கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு, அதனால பெரிய பெல்ட் சீக்கிரம் மழுங்காது, சுத்தி வர்றதுக்குள்ள கொஞ்சம் ஆறியும் வரும். சாணை பிடிக்கறதுக்கும் சின்ன கத்திக்கும் மட்டும்னா 1க்கு 30 தாராளமா போதும்.

ரெண்டாவது, மோட்டார். 2 இன்ச் பெல்ட்டுக்கு ஒன்றரை ஹெச்பி இருந்தா நல்லது, அழுத்திப் பிடிச்சா நிக்கக் கூடாது. இரும்புத்தூள் உள்ள போகாத மூடின மோட்டாரா பாருங்க.

மூணாவதுதான் முக்கியம், வேகம். மோட்டார் ஷாஃப்ட்ல இருக்கற வீலோட விட்டத்தை மீட்டர்ல எடுத்து 3.14 ஆலயும் ஆர்பிஎம் ஆலயும் பெருக்கி 60 ஆல வகுங்க. 100 மிமீ வீல், 1440 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 7.5 மீட்டர், அதே வீல் 2850ல ஓடினா 15 மீட்டர். இன்னும் கடினமாக்காத பச்சை இரும்பை வேகமா தேய்க்கலாம், ஆனா ஹீட் ட்ரீட்மெண்ட், அதாவது சூடாக்கி குளிரவச்சு கடினமாக்கறது, முடிஞ்ச கத்தியோட மெல்லிசான விளிம்பு அந்த வேகத்துல நொடியில சூடாயிடும், கார்பன் ஸ்டீல்ல நீல நிறம் வந்துட்டா 300 டிகிரி கிட்ட போயிடுச்சுன்னு அர்த்தம், அந்த இடத்துல கடினம் போச்சு. அதனாலதான் விஎஃப்டிக்கு, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற கருவிக்கு, காசு குடுக்கறது வீண் இல்லைங்கறேன்.

விஎஃப்டி வாங்கறப்ப ஒண்ணு கவனிங்க. வீட்டு 230 வோல்ட் சிங்கிள் பேஸ்ல ஓடறது வெளிய குடுக்கறதும் 230 வோல்ட் த்ரீ பேஸ்தான், நம்ம கடைகள்ல கிடைக்கற த்ரீ பேஸ் மோட்டார் நிறைய 415 வோல்ட்டுக்கு கட்டினது, நேம் பிளேட்ல டெல்டா (மோட்டாருக்குள்ள வயரை இணைக்கற ஒரு முறை) 230 வோல்ட்னு இருக்கான்னு பாக்காம வாங்கிடாதீங்க. விஎஃப்டியை தூசி புகாத டப்பாவுக்குள்ள வைங்க, இரும்புத்தூள் கரண்ட்டைக் கடத்தும். வயரிங் எலக்ட்ரீஷியன் வேலை.

நாலாவது, பெல்ட் செலவு. மிஷின் ஒரு தடவை, பெல்ட் மாசாமாசம். முரட்டு வேலைக்கு 36 இல்லன்னா 60 கிரிட் (சொரசொரப்போட அளவு, எண் கூடக் கூட நைசு) செராமிக் பெல்ட், அப்புறம் 120, 220, 400ன்னு போகணும். செராமிக் விலை கூட, ஆனா அழுத்தித் தேய்க்கறதுக்கு நீடிச்சு உழைக்கும். உங்க மிஷின் சைஸ் பெல்ட் பக்கத்துல கிடைக்குதான்னு மிஷினுக்கு முன்னாடியே விசாரிங்க. மூக்கு வாய் மூடற நல்ல ரெஸ்பிரேட்டரும் கண்ணாடியும் இதே பட்ஜெட்லதான் வரணும்.

பெல்ட்டைப் பின்னாடி இருந்து தாங்கற பெரிய கான்டாக்ட் வீல், சின்ன வீல் செட் எல்லாம் இப்ப வேணாம், அதே வேலைக்கு நேரான பிளாட்டன், அதாவது தட்டையான தகடு, ஒண்ணு வச்சே பெவல், அதாவது கத்தி விளிம்புக்கு இறங்கற சரிவு, பழகலாம்.

கடைசியா, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி ஃபுல் ஸ்பீட்ல ஓட்டச் சொல்லுங்க. பெல்ட் ஓரமா நழுவுதா, டிராக்கிங் திருகைத் திருப்பினா நடுவுக்கு வந்து நிக்குதா, மேஜை அதிருதான்னு பாருங்க. இது சரியில்லன்னா எவ்வளவு மலிவா குடுத்தாலும் அடுத்த மிஷினைப் பாருங்க.